வெயிலுக்குப் பிடித்த குடை

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் அகதி முகாமில் என் பக்கத்து அறையில் ஒரு ஈரான்காரி இருந்தாள். முக்காட்டைக் கட்டாயமாக்கிய மதகுருமாரின் ஆட்சிக்கு எதிராக ஊரிலே ஊர்வலம் போனவள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இவள் தப்பி வந்துவிட்டாள், தம்பி சிறையில். இங்கே வந்தும் சும்மா இருக்கவில்லை. அரைகுறை டொச்சு மொழியில் எனக்கு எல்லாம் சொல்வாள்.

இங்கேயும் அவர்களுக்கு ஊர்வலம் இருந்தது. யாரோ படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள், அங்கே இருக்கும் உறவுக்காரர் அடிபடுகிறார்கள் என்று பேச்சு. அதனால் மற்றவர்கள் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் கட்ட மாட்டாளாம். எனக்குக் கோபம் வந்தது. தம்பியின் உயிரைவிட உன் வீம்பு பெரிதா என்று கேட்டே விட்டேன்.

"துணி கட்ட மாட்டேன் என்றுதானே இவ்வளவும். இங்கே வந்து கட்டினால், அவன் எதற்காக உள்ளே இருக்கிறான்?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர்வலத்தன்று மேல்மாடியில் இருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் என்னை மறித்தார். "எங்கட அகதிக் கேஸே முடியேல்லை. ஊர்வலம் கீர்வலம் எண்டு திரியாதை பிள்ளை." ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு, குடையோடு அவள் பின்னால் இறங்கினேன்.

நல்ல வெயில். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குக் குடை இல்லாமல் நான் கடைக்கும் போனதில்லை. இங்கே அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அவள் தலைமயிரை விரித்துவிட்டுக் கத்திக்கொண்டு நடந்தாள். கமராவோடு ஒருவன் எங்கள் கூடவே வந்தான். அவன் முன்னால் ஓடினால் குடையை அவள் முகத்துக்கு முன்னால் சரித்தேன், பக்கத்தில் வந்தால் பக்கமாக. கை உளைந்தது. கடைசியில் எரிச்சலில் அவன் என்னையே படம் எடுத்தான். வடிவாக எடு என்று நின்றேன்.

பிறகு வந்த நாட்கள்தான் பொல்லாதவை. குடை ஒரு கணம் விலகியிருந்தால்? முகாமில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவளுக்கோ என்று கதவைத் திறந்து பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அவளுக்கு அழைப்பு வந்தது. சுவரில் சாய்ந்து கேட்டாள், வைத்தாள், என்னிடம் வந்தாள். தாய் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்தாவாம். உயிரோடு இருக்கிறானாம். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. சனிக்கிழமை ஊர்வலம், குடையைத் தா என்றாள்.

குடையைத் தனியாகத் தர ஏலாது, நானும் வாறன் என்றேன்.