கல்கத்தா அரையிறுதியும் சந்தனம் அண்ணனும்

இந்தியா இரண்டாவதாக மட்டை பிடிக்கிறது என்றால் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. போன வாரமும் அப்படித்தான். மகன் ஹாலில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "குட்டி போட்ட பூன மாதிரி என்ன நடை? ஒண்ணு பாருங்க, இல்லாட்டி படுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு இது ரத்த அழுத்தம் என்று நினைப்பு. உண்மைக் காரணத்தை இத்தனை வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அதைச் சாப்பாட்டு நேரத்தில் திருப்பிச் சொல்லிக் காட்டப் போவதில்லை.

என்னை அடக்குவதற்காக ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசனை போதும். கேரளத்தில் பீர்மேட்டுக்குப் பக்கத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரிக்குள் போய் நின்றுவிட்டேன். அரைத்த கொழுந்தைத் தரையில் பரப்பிப் புளிக்க வைத்திருப்பார்கள். பழுத்த கொய்யாவும் ஈர மண்ணும் சேர்ந்தது போல ஒரு மணம். குளித்தாலும் போகாது.

எனக்குப் புளித்த கொழுந்தைக் காயவைக்கும் டிரையரில் வேலை. கொழுந்து உருட்டும் மெஷினில் சந்தனம் அண்ணன். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். எழுபதுகளில் இலங்கையிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். முதலில் காட்டுக்குள் ஏலக்காய்த் தோட்டம், அப்புறம் எங்கள் தோட்டம். "முடியாது" என்பதற்கு "ஏலாது" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம். அவரும் சிரிப்பார்.

உலகக் கோப்பைகளின் கதை முழுக்க அவரிடம்தான் கேட்டேன். முதல் மூன்று கோப்பைகளும் இங்கிலாந்தில், அறுபது ஓவர், வெள்ளை உடுப்பு, சிவப்புப் பந்து. எண்பத்து மூன்றில் நாம் ஜெயித்தபோது எனக்குப் பத்து வயது. பட்டாசு வெடித்ததுதான் ஞாபகம். எண்பத்தேழில் போட்டி நம் பக்கம் வந்தது, ஐம்பது ஓவராகக் குறைந்தது. தொண்ணூற்று இரண்டில் கலர் உடுப்பு. அதனால் எங்களுக்குப் பயனில்லை. எங்கள் வாயனசாலையில், அதாவது நாலு பத்திரிகையும் ஒரு கேரம்போர்டும் கிடந்த அறையில், இருந்தது கறுப்பு வெள்ளை டி.வி.

தொண்ணூற்று ஆறு, கல்கத்தாவில் அரையிறுதி. இந்தியாவும் இலங்கையும். இருவருக்கும் நீல உடுப்பாம். எங்கள் பெட்டியில் இரண்டு அணியும் ஒரே சாம்பல்.

மழைக்கும் காற்றுக்கும் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். அதைப் பிடிப்பது என் வேலை. ஒரு இடத்தில் இருக்க முடியாதவனுக்கு ஏற்ற உத்தியோகம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன், ஓடிப்போய்க் கம்பத்தைத் திருப்புவேன். உள்ளேயிருந்து சேவியர் கத்துவான். அவன் டிரையரில் என் கூட்டாளி. "இன்னும் திருப்புடே... போதும், போதும்... அய்யோ, போச்சு!"

முதல் ஓவரிலேயே இலங்கையின் இரண்டு விக்கெட் விழுந்தது. அறையே ஆடியது. அப்புறம் வந்த ஒருவர் பந்துகளைச் சாத்தத் தொடங்கினார். ஒரு நல்ல அடிக்கு ஒரே ஒரு கைத்தட்டல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சந்தனம் அண்ணன்.

"யாருக்குவே கை தட்டுதீரு?" என்றான் சேவியர்.

"நல்ல அடிதானே தம்பி" என்று சொல்லி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

நாம் ஆடும்போது ஒரு விக்கெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. வெளியே சரவெடியை விரித்து வைத்துவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். நூற்று இருபதுக்கு எட்டு. மைதானத்தில் பாட்டில்கள் பறந்தன, பார்வையாளர் காலரியில் தீ தெரிந்தது. ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு ஜெயம் என்றார்கள். நம் ஆட்டக்காரர் ஒருவர் அழுதுகொண்டே வெளியே நடந்தார்.

நான் கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே போனேன். சந்தனம் அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியது. இருந்திருக்காது. நான் சொன்னேன்: "அதான் ஜெயிச்சாச்சில்ல, ஒம்ம ஊருக்கே போவும்!"

அவர் நின்றார். "அங்க இருக்கச்சே இந்தியாவுக்குப் போன்னாங்க தம்பி. வந்தேன். இனி எந்த ஊருக்குப் போறது?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தியா இரண்டாவதாக ஆடும்போதெல்லாம் என்னை உட்கார விடாதது நான் சொன்ன அந்த ஒரு வரிதான்.

அடுத்த மூன்று நாளும் ஃபாக்டரியில் அவர் மெஷினைப் பார்ப்பார், நான் டிரையரைப் பார்ப்பேன். தேவையில்லாமல் இரண்டு முறை அவர் பக்கமாக நடந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை லாகூரில் ஃபைனல். அன்று மத்தியானம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் மூன்று தடவை திரும்பி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோவைக் காதோடு வைத்து உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

பதில் சொன்னது அவர் மனைவி லெட்சுமியக்கா. "நீ சொன்னதுல என்ன தப்பு? வெரட்டி விட்ட நாடு. அதுக்குப் போய்க் கை தட்டிட்டு வந்திருக்கு இந்த மனுசன்!" முறத்தை உதறிவிட்டு உள்ளே போனார்.

சந்தனம் அண்ணன் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தார். "எந்தம்பி அங்கயே நின்னுட்டான். எண்பத்து மூணுல இந்தியா கோப்ப வாங்குனப்ப ஒரு கடிதம் போட்டான். 'ஒங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க அண்ணே, இங்க நாங்களும் ரேடியோவ விட்டு நகரல'ன்னு எழுதியிருந்தான். அடுத்த மாசமே கலவரம். அப்புறம் கடிதம் இல்ல. உயிரோட இருந்தா இப்ப இதக் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பான்? அதான் நானும் கேக்குறேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு கிரிக்கெட் வர்ணனையை ஆடாமல் அசையாமல் கேட்டது அன்று மட்டும்தான். ஆஸ்திரேலியா ஆடி முடிக்கும் வரை இருந்தேன். கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை ஃபாக்டரி கேட்டில் லெட்சுமியக்கா நின்றிருந்தார். தலையில் கொழுந்துக் கூடைக்கு அடியில் போடும் படங்குச் சாக்கு, கையில் மடித்த வெள்ளைத்தாள்.

"ஜெயிச்சிட்டாங்களாம்" என்றார், யாரோ இறந்த செய்தியைச் சொல்வது போல. "ஒங்கண்ணன் விடிய விடிய உக்காந்து அழுதுச்சு. எனக்கு எழுதத் தெரியாது. எங்கொழுந்தனுக்கு ஒரு கடிதம் எழுதித் தா."

"என்ன எழுதட்டும் அக்கா?"

தலையில் நழுவிய படங்கை இழுத்துச் சரிசெய்தார். "ஒங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்கன்னு எழுது. அண்ணன் சந்தோசமா இருக்குன்னு எழுது. நானும்னு எழுது."

பழைய விலாசத்துக்குத்தான் போட்டோம். பதில் வரவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. "திரும்பி வரல்லதானே, அப்ப யாரோ கையில வாங்கியிருக்காங்க" என்பார் சந்தனம் அண்ணன். அதை மறுத்துச் சொல்ல நாங்கள் யாரும் துணியவில்லை. சேவியர்கூட, "ஆமாண்ணே, வாங்கியிருப்பான்" என்றுதான் சொல்வான்.

சில வருடத்தில் தோட்டம் மூடியது. கொழுந்துச் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்தன. சந்தனம் அண்ணன் குடும்பம் மகள் மில்லில் வேலை பார்த்த ஊருக்குப் புறப்பட்டது. சாமான் ஏற்றிய லாரியின் பின்னால் உட்கார்ந்து, "போய்ச் சேந்ததும் எழுதுறேன் தம்பி" என்றார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. எழுதுகிறேன் என்கிறாரே, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த மாதமே டிரைவர் வேலை கிடைத்து நாங்களும் லயத்தைக் காலி செய்தோம்.

போன வருடம் ஒரு சவாரிக்காக அந்தப் பக்கம் ஜீப் ஓட்டிப் போனேன். ஃபாக்டரியின் தகரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். லயத்தில் நாலைந்து சுவர் நிற்கிறது. அண்ணன் எழுதிய கடிதம் ஏதாவது எனக்கு வந்ததா என்று கேட்கலாமென்று தோட்டத்துத் தபாலாபீசைத் தேடினேன். அது இருந்த மேட்டில் கூடாரம் போட்டுச் சுற்றுலாக்காரர்களைத் தங்க வைக்கிறார்கள். அங்கிருந்த காவல்காரர் வடக்கேயிருந்து வந்தவர். இங்கே தபாலாபீஸ் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.