ஜன்னலோரத்து மொட்டைத் தலை

மகளைப் பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு திருவண்ணாமலை வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. மதியம் பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் வகுப்பறைக் கேமரா தெரியும். தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், அதுவும் கலங்கலாக. அப்போதுதான் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டிருந்தோம். ஜன்னலோரம் சந்தனம் பூசிய சின்னத் தலை ஒன்று குனிந்து சாப்பிடும். அதைப் பார்த்த பிறகே என் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

ஒருநாள் படம் வரவில்லை. தளத்தை அடியோடு மாற்றியிருந்தார்கள். வெள்ளைத் திரையில் 'உங்கள் பிரவுசரில் இந்தப் பக்கம் இயங்காது' என்று ஒரு வரி மட்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் பிரவுசரை மாற்ற முடியாது; எங்கள் வேலைக்கான மென்பொருள் பழையதில்தான் ஓடும். என் போனும் பழசு. பள்ளிக்குப் போன் செய்தேன்.

"புது டிசைன் மேடம். எல்லாரும் சூப்பரா இருக்குன்னாங்க. நீங்க பிரவுசர அப்டேட் பண்ணிக்குங்க."

"பழைய பக்கத்தையும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாங்களே?"

"அத எடுத்துட்டாங்க மேடம்."

தொந்தரவு செய்துவிட்டேனோ என்று சாயங்காலம் வரை உறுத்தியது. இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டுமோ என்று அதன் பிறகு உறுத்தியது. சாப்பிட்டாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மேசை அக்கா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "இன்னாம்மா, உன் பொண்ணு சீரியல் நின்னுபோச்சா?" என்று சிரித்தபடி தன் புதுப் போனை நீட்டினார். "இந்தா, இதுல பாரு. பாத்துட்டு ஒழுங்கா சாப்புடு."

படம் திரை முழுக்க விரிந்தது. சுவரில் ஒட்டிய பூக்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஜன்னலோரத்து மொட்டைத் தலை நிமிர்ந்தது. அது யாரோ ஒரு பையன்.

திருவண்ணாமலையில் சந்தன மொட்டைக்குப் பஞ்சமா? அந்த வகுப்பிலேயே மூன்று இருந்தன. எனக்கு அது தோன்றவே இல்லை.

என் மகள் கதவருகே இருந்தாள். மடியில் டப்பா. ஒரு வாய் வைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"சாப்புடுறாளா?" என்றார் அக்கா.

"சாப்புடுறாக்கா" என்றேன்.

மாலையில் அவளைத் தூக்கிக்கொண்டு வரும்போது மெதுவாகச் சொன்னேன். "நாளைக்கு ஜன்னல்கிட்ட உக்காந்துக்கோடா கண்ணு. காத்து வரும்."

"அங்க உக்காந்தா நீ வர்றது தெரியாதும்மா."

மறுநாளும் அக்கா போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன், கதவருகேதான் இருந்தாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஆனாலும் அந்தத் தீப்பெட்டிப் படத்துக்கு இன்றும் மனம் ஏங்குகிறது. அதில் என் மகள் ஒருநாளும் வாசலைப் பார்த்ததில்லை. தலை குனிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.