காற்றுக்கு வழி விட்ட பாய்

சின்னசேலத்திலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் பஸ்ஸில் போக வேண்டும். அந்தச் சின்னசேலத்தில் உட்கார்ந்துதான் நான் விண்ட்சர்ஃபிங் பாய் தைத்தேன். பலகை மேல் நின்று, கையில் பாயைப் பிடித்துக்கொண்டு, காற்றின் தயவில் தண்ணீர் மேல் ஓடுகிறார்களே, அந்தப் பாய். கல்யாணத்துக்கு முன் புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் கற்ற வேலை. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ பிளக்ஸ் பேனர் கடை. கடையின் பின்மூலையில் என் தையல் மிஷினுக்கு இடம் ஒதுக்கினார்கள். பெரிய மனசுதான்.

என் பாயைப் பார்த்த நாளிலிருந்து மாமனாருக்கு நிம்மதி போயிற்று. வாழ்நாள் முழுக்க எதையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியே பழகியவர் அவர். நானோ ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் லேசாக வளைத்து வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் சேர்த்து, மேலே தையல் போட்டேன். அப்போதுதான் கம்பத்தில் மாட்டி இழுக்கும்போது பாய்க்கு வயிறு விழும். வயிறு இல்லாத பாய் ஆளை எங்கும் கொண்டுபோகாது. ஆனால் தரையில் விரித்தால் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

"இன்னாம்மா, நடுவுல தூக்கிக்கினு நிக்குது? அளவு தப்பிப் போச்சா?" என்று தினமும் ஒரு தடவை விசாரிப்பார்.

கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் கற்றுத்தரும் ஒருவர் என்னிடம் மாதிரிக்கு ஒரு பாய் கேட்டிருந்தார். போட்டிக்கல்ல, ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக ஓட்ட வருகிறவர்களுக்கு. எடை குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் சுலபமாகத் தூக்க வர வேண்டும். பிடித்துவிட்டால் அந்த சீசனுக்கான பாய்கள் எல்லாம் எனக்கு. பிடிக்காவிட்டால் என் மூலையில் லேமினேஷன் மிஷின் வரும் என்று கணவர் அன்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இதற்கு ஆதரவு என்று பெயர்.

பாய் கேட்டவர் அதைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், நைனார்பாளையம் ரோட்டோரம் மக்காச்சோளம் அறுத்த கொல்லையில் பாயை நிமிர்த்திப் பார்த்தோம். மலைப் பக்கமிருந்து நல்ல காற்று. சைக்கிளில் போனவர், மாடு ஓட்டிப் போனவர் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"யாருக்குங்க பொறந்த நாளு? போட்டோ இன்னும் ஒட்டலயா?" என்றார் ஒருவர்.

எங்கள் பக்கம் இத்தனை பெரிய ஷீட் முகமில்லாமல் நின்றால் ஜனங்களுக்குக் கவலையாகிவிடுகிறது.

பாய் அழகாக வயிறு வாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரின் கண் மட்டும் மேலேயே இருந்தது.

"மேல ஓரம் லொடலொடன்னு ஆடிக்கினு இருக்குதே. இழுத்துக் கட்டும்மா."

"அது அப்படித்தான் இருக்கணும் மாமா. காத்து ஜாஸ்தியானா அந்த ஓரம் திறந்து வெளிய வுட்டுடும். இல்லாட்டி ஆளையே தூக்கிக் கடாசிடும்."

யோசித்தார். பிறகு தலையாட்டினார். நான் சொன்ன ஒன்றுக்கு அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வந்தவர் முன்னால் பாயைப் பிரித்தேன். அதன் வயிற்றில் வரிசையாக மூன்று அரை நிலா வெட்டுகள். ரோட்டில் கட்டும் பெரிய பேனர்களில் காற்று புகுந்து போகட்டும் என்று வெட்டிவிடுவார்களே, அதே வெட்டு. வரைந்து வெட்டியதுபோல அவ்வளவு சுத்தம்.

"நான்தாங்க போட்டேன்," என்றார் மாமனார், நெஞ்சை நிமிர்த்தி. "மேல் ஓரத்துல மட்டும்தான் மருமவ காத்துக்கு வழி வுட்டிருந்தது. பத்தாதுன்னு நடுவுலயும் வுட்டேன்."

வந்தவர் ஒரு வெட்டில் விரலை விட்டுப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். காற்று நிற்காத பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அடுத்த சீசன் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கணவர் அளக்கும் டேப்பை எடுத்து மூலையை அளக்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் முதல் முறையாகக் கத்தினேன். "ஏன் மாமா, கைய வெக்கறதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அவர் முகம் வாடிவிட்டது.

"கல்யாண பேனருக்கு நான் இத போடறதே இல்லம்மா. ரெண்டு நாள்ல கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போவுதுன்னு வுட்ருவேன். உன்னுது அப்படிப் போவக் கூடாது, ரொம்ப வருசம் வரணும்னு தோணுச்சி. அதான்."

அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது. என் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாராவது நல்லதாக ஒன்று சொன்னது அன்றுதான். அதற்குள் பாய் போய்விட்டது.

லேமினேஷன் மிஷினும் சொன்னபடி வந்து இறங்கியது. என் மூலையைத் தொடக் கூடாது என்று மாமனார் குறுக்கே நின்று, அதைத் தன் மேஜையில் வைக்கச் சொன்னார். இப்போது அவர் பேனருக்குக் கயிறு கோக்கும் வளையம் அடிப்பது கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான்.