முனியப்பனுக்குக் கட்டிய பிராது

மகளிர் உரிமைத் தொகை வசந்தாவுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் அஞ்சலை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறேன். வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாள். பிள்ளைகள் இரண்டு. வசந்தா என் ஓர்ப்படி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவளும் என்னோடுதான் கரும்பு வெட்ட வருகிறாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அப்புறம் எப்படி அவளுக்கு மட்டும் மாதம் ஆயிரம் ரூபாய்? நான் போட்ட மனு தள்ளுபடி என்று போனில் செய்தி வந்தது. அவள்தான் யாரையோ பிடித்து என் பெயரை அடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் சொன்னது.

பணம் ஏறும் நாளில் அவள் போன் 'டிங்' என்னும். சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவள் மகளுக்கு வெள்ளிக் கொலுசு வந்தது. அதே வாரம் என் மகள் கனகா அறுந்த செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "அம்மா, எனுக்கும் கொலுசு வாங்கித் தர்றியா?" என்று கேட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன். பிள்ளை அழவில்லை, என்னையே பார்த்தாள். நான்தான் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் பக்கத்து முனியப்பன் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். நம் குறையைத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தால், பூசாரி அதைச் சாமி முன்னால் இருக்கும் ஈட்டியில் கட்டுவார். பிரித்துப் படிக்க மாட்டார். காரியம் முடிந்ததும் நாமே போய் வாபஸ் வாங்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு பக்கம் எழுதினேன். "முனியப்பா, எங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே ரேஷன் கார்டு. அரிசியைப் பாதிப் பாதி பிரிச்சிக்கிறோம். பணத்தை மட்டும் என் பேரை அடிச்சிட்டு வசந்தா ஒருத்தியே முழுங்கறா. எனக்கு வராட்டியும் பரவாயில்லை, அவளுக்கு நிக்கணும்." இதுதான் என் பிரார்த்தனை. மறைக்கவில்லை.

பிராது கட்டப் போன அன்றைக்கே பக்கத்து ஊரில் மனு வாங்கும் முகாம். அதற்கு கம்ப்யூட்டர் கடையில் மரியாதையாக ஒரு மனு எழுதி வாங்கியிருந்தேன். அதில் ஒரே கார்டு என்பதைச் சொல்லவே இல்லை. அது மாமியார் காலத்துக் கார்டு. மாமியார் போனபிறகு வசந்தா குடும்பத் தலைவியானாள். இரண்டு அடுப்புக்கு ஒரே கார்டு என்று தெரிந்தால் கார்டையே அடித்துவிடுவார்கள், அரிசியும் போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

காலையில் கோயிலுக்குப் போய் பிராதைக் கட்டினேன். அங்கிருந்து முகாமுக்கு ஓடினேன். மேசையில் இருந்த மேடம் தாளைப் பிரித்தார். படித்தார். என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது முனியப்பனுக்கு எழுதினது. எனுக்கு எழுதினது எங்க?"

தாள் மாறிப்போயிருந்தது. அவருக்கு எழுதியது ஈட்டியில் தொங்குகிறது! பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"ஒரே கார்டா? இத ஏன் மறைச்சீங்க? ஒரு கார்டுக்கு ஒருத்தருக்குத்தாம்மா பணம். அவுங்க உன் பேர அடிக்கல. கார்டப் பிரிச்சி, புதுசா மனு போடு. அரிசியெல்லாம் ஒண்ணும் நிக்காது." பிறகு தாளை என் கையிலேயே கொடுத்தார். "இத நீயே வச்சிக்க."

கார்டைப் பிரிக்கக் குடும்பத் தலைவியின் போனுக்கு ஒரு எண் வரும், அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவி யார்? வசந்தா! யாருக்குப் பணம் நிற்க வேண்டும் என்று எழுதினேனோ, அவள் வாசலிலேயே போய் நின்றேன். இரண்டு நாள் போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் வாயைத் திறந்தேன்.

"அதுக்கு ஏன் இப்புடி முழிச்சிக்கினு நிக்கிற? இந்தா, போன எடுத்துக்கினு போ," என்றாள் வசந்தா. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "எனுக்குப் பணம் வருதுன்னு உனுக்கு வயிறு எரிஞ்சது தெரியும்டி. வந்த அன்னிக்கே பாதிய உங்க மாமா புடுங்கிக்கினு கடைக்குப் போயிடறாரு. அந்தக் கொலுசும் இப்ப அடகுல கெடக்குது."

மாமா என்றால் அவள் புருஷன். அதைக் கேட்டதும் எனக்குப் பாவமாக இல்லை. நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் அதிகம் வெட்கப்பட்டது அந்த நிமிஷத்துக்குத்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பிராதை அடுப்பில் போட்டேன்.

புதுக் கார்டு வந்தது. மறுபடி மனு போட்டேன். சில மாதம் கழித்து, நான் கரும்புத் தோட்டத்தில் நிற்கும்போது என் போன் 'டிங்' என்றது. பக்கத்து வரிசையில் இருந்த வசந்தாதான் முதலில் கத்தினாள். "அஞ்சல, உன்துடி!" அந்தப் பணத்தில் முதல் காரியமாக கனகாவுக்குச் செருப்பு வாங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிராதை வாபஸ் வாங்கப் போனேன். பூசாரி ஈட்டியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அங்கேயே நின்று பிரித்துப் படித்தேன். "என் பிள்ளைகளின் நலன் கருதி எனக்கும் உதவித்தொகை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். வசந்தாவைப் பற்றி ஒரு எழுத்து கூட இல்லை. இத்தனை மாதமும் முனியப்பன் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது இதுதான். அவளுக்கு எதிராக எழுதியதை அவர் தன் ஈட்டிக்குக் கிட்டவே சேர்க்கவில்லை. சன்னதியில் விழுந்து அழுதேன்.

இப்போதும் பணம் ஏறும் நாளில் அவள் போன் முந்திக்கொண்டால் உள்ளே சுருக்கென்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது சுவரைத் தட்டி, "அக்கா, எனுக்கு இன்னும் வரல" என்று கத்துகிறேன். "வரும்டி, இரு" என்று பதில் வரும். வந்துவிடுகிறது.

தாயிமாரே, உங்களுக்கும் குறை இருந்தால் முனியப்பனிடம் போங்கள். உள்ளே எரிவதை அப்படியே எழுதுங்கள், பயப்படாதீர்கள். எதை ஈட்டியில் வைத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தருவது என்று அவருக்குத் தெரியும்.