நான் எழுதிக் கொடுத்த மூன்று சீட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெஸ்ஸர். ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுவதும் என் வேலை. டாக்டர் மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில் நானே டாக்டர் என்கிற நினைப்பு எனக்கு.

காசநோய் கண்ட ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு நான்தான் ஊசி போட்டு வந்தேன். ஒருநாள், "தல கிர்ருன்னு சுத்துதுங்கய்யா" என்றார்.

"பசியாறாம வந்தா சுத்தாம என்னா செய்யும்?" என்று சொல்லி ஊசியைக் குத்தினேன். மிச்ச ஊசிகளையும் ஒன்று விடாமல் போட்டு முடித்தேன்.

நோய் தீர்ந்து வேலைக்குத் திரும்பியவர், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், இருட்டில் தள்ளாடினார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை என்னிடம் அனுப்பினார். வாயை ஊதச் சொன்னேன். வெற்றிலை வாசம்தான் வந்தது. சாராய வாடையை மறைக்கப் போட்டிருக்கிறார் என்று நானே முடிவு கட்டி, 'குடிபோதை' என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். பொழுது ஏறியதும் அவர் நேராக நடந்தாரா, போதை தெளிந்துவிட்டது என்று வேறு சொல்லிக்கொண்டேன். இப்படியே இன்னும் இரண்டு முறை. மூன்றாவது சீட்டோடு அவருடைய பால் வெட்டும் வேலை போயிற்று. புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள். குடிப்பதில்லை என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தவர் அவர். மனைவி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் எனக்கு ஒரு பயிற்சி. ஆசிரியர் மூளையின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து, உட்காதிலிருந்து கிளம்பும் நரம்பைக் குச்சியால் தொட்டுக்கொண்டே போனார். அது மூளைத்தண்டில் நுழைகிறது. அங்கிருந்து ஒரு வழி கண்ணுக்கு. இன்னொரு வழி முதுகுத்தண்டில் இறங்கிக் காலுக்கு. காசநோய்க்குப் போடும் அந்த ஊசி சிலருக்கு உட்காதைக் கெடுத்துவிடும் என்றார். பிறகு மூளைத்தண்டுக்குச் சேதி சரியாகப் போகாது. வெளிச்சத்தில் கண் சமாளித்துக்கொள்ளும். இருட்டில் ஆள் தள்ளாடுவான். தலைசுற்றல் என்று சொன்ன உடனே ஊசியை நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டுமாம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராக அந்தத் தொழிலாளியின் லயத்து வீட்டுக்குப் போனேன். "அம்மா, ஒங்க வீட்டுக்காரரு குடிக்கலம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன். காதுக்குள்ள நரம்புக் கோளாறு" என்றேன்.

அந்த அம்மா அழுதுவிட்டார். இரண்டு கையையும் கூப்பினார். "அன்னிக்கு ஊசி போட்டு உசுரக் காப்பாத்துனீங்க. இன்னிக்கு மானத்தையும் காப்பாத்திட்டீங்கய்யா."

அப்போதே மீதியையும் சொல்லியிருக்க வேண்டும். வெட்கங்கெட்டுப்போய், அவர் நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டேன்.

கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற கணவர் கேட்டார்: "அந்தக் கோளாறு எதனால வருதுங்கய்யா?"

"சில பேருக்கு வரும்லா" என்றேன்.