முதல் தேனீ

சந்தாபுராவில் எங்கள் பால்கனிக் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனதும், அப்பார்ட்மெண்ட் சங்கம் மருந்து அடிப்பவர் ஒருவரை அனுப்பியது. ஒல்லியான மனிதர். வெள்ளை அங்கி, வலைத்தொப்பி. எனக்கும் அதேபோல் மாட்டிவிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னார். கன்னடம் கலந்த தமிழ்.

“ஹெஜ்ஜேனு சார் இது, மலைத்தேனீ, பொல்லாதது. மூச்சு பட்டாலே மேல பாயும். ஸ்வல்ப அடக்கிக்குங்க.”

அவர் இரண்டு படி ஏறினார். கூடு அவர் கைக்கெட்டும் தூரத்தில் கருப்பாகத் தொங்கியது. அவர் மருந்துக் குழாயை நீட்டினார், ஆனால் அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் மூச்சை விட்டுவிட்டேன்.

உடனே கூட்டின் மேல் ஓர் அலை ஓடியது. நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வாலைத் தூக்கி இறக்கின. நான் ஏணியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

அவர் முகத்தைத் திருப்பி, கோபமே இல்லாமல் கிசுகிசுத்தார். “பாத்தீங்களா? ஏதோ ஒண்ணுதான் மொதல்ல தூக்குது. அது எதுன்னு மட்டும் பிடிபடவே இல்ல சார். போற எடமெல்லாம் தேடறேன்.”

பிறகு கேட்டார்: “அடிக்கவா?”

“சீக்கிரம் அடிங்க” என்றேன்.

அழுத்தினார். தேனீக்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. அப்போதும் அவர் கண் கூட்டிலேயே இருந்தது, கடைசி அலை எங்கே தொடங்குகிறது என்று தேடியபடி.

இப்போதெல்லாம் எங்கே கூட்டைக் கண்டாலும் நின்றுவிடுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு நானும் அந்த முதல் தேனீயைத் தேடுகிறேன்.