வெயில் அடித்த பக்கம்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். தெரியாத தெருவில் வழி கேட்க வெட்கப்பட்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் கையில்தான் மலை வரைபடத்தைக் கொடுத்தார்கள்.

காரணம் என் மேஜை. வீட்டிலேயே பெரியது நான் துணி வெட்டும் மேஜைதான். அக்காவின் கணவர் விடுமுறை நாட்களில் ஆட்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறவர். வரைபடத்தை அதன்மேல்தான் விரிப்பார். பார்த்துப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன். வளைந்து போகும் பாதைமேல் நூலை ஒட்டி வைத்து, பிறகு அதை ஓரத்தில் அச்சிட்ட கிலோமீட்டர் கோட்டில் நீட்டிப் பார்ப்பேன். பாதை இல்லாத இடத்தில், திசை காட்டும் காம்பஸின் ஓரத்தை இரண்டு இடங்களுக்கும் சேர்த்து வைத்து, வட்டத்தைத் திருப்பி, எத்தனை டிகிரி என்று குறிப்பேன். இடுப்பளவு எடுப்பதைவிடச் சுலபம். வரைபடம் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காது.

"இந்தத் தடவை நீயும் வா," என்றார் அத்தான். "அளந்தவ நடந்தும் பார்க்க வேண்டாமா?"

போனேன். பாதை ஒரு புல்வெளியோடு முடிந்தது. அங்கிருந்து நேர் வடக்கே ஓடை, தண்ணீர் அங்கேதான். மூடுபனியில் காம்பஸைப் பார்த்து அத்தான் முன்னே நடந்தார். எல்லோருக்கும் கடைசியில் நான். பனி விலகியதும் காலை வெயில் என் இடது கன்னத்தில் அடித்தது.

வடக்கே போகிறவளுக்கு அது வலது கன்னத்தில் அல்லவா அடிக்க வேண்டும்? அத்தனை பேர் தெரியாமலா நடப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நான் வாய் திறக்காமலே எல்லோரையும் கெடுத்துக்கொண்டிருந்தேன். நூலில் அளந்த தூரம் முடிந்தும் ஓடையைக் காணோம். அக்கா பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுக்காகத் தட்டினாள். அதற்குமேல் தாங்கவில்லை. முன்னே ஓடி, அத்தானின் முதுகுப்பையிடம் பேசினேன்.

"அத்தான், வெயில் இடது பக்கம் அடிக்குது."

"அடிக்கட்டுமே. அதுக்கும் நீதான் அளவெடுக்கணுமா?"

"வடக்க போனா வலது பக்கம் அடிக்கணும்."

அவர் நின்றார். காம்பஸைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி இந்தக் காம்பஸை எங்கே வெச்சிருந்த?"

"குண்டூசி டப்பா மேல. தொலைஞ்சிடக் கூடாதுன்னு."

"அடியில காந்தம் இருக்குமே, அந்த டப்பாவா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "பத்திரமா வெச்சாளாம். வடக்கையே தெக்கா தெச்சுக் குடுத்திருக்கா."

வடக்கைக் காட்ட வேண்டிய முள்ளின் சிவப்பு முனை, காந்தத்தின்மேல் ஒரு ராத்திரி கிடந்ததில் புரண்டுபோய்த் தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை முனையை வடக்காக வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, புல்வெளியையும் தாண்டி வடக்கே நடந்தோம். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லோரும் குனிந்து முகம் கழுவினார்கள். அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெயில் பக்கம் மாறி அடிக்குதுன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

என் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் அதை இன்னும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.